சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடர் தயாரித்துவந்த உத்தர்பாரா ஆலையும் மூடப்பட்டது. ஆனால் புதுச்சேரி நகருக்குத் தென்மேற்கே ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர் வட்டாரச் சாலைகளில் இந்த வண்டிகள் இன்னும் ஓய்வு பெறவில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும், வயலிலிருந்து கத்திரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் போய்வருகின்றன. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுக்கும்போது பலவற்றின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை இருக்கும்.

பட்டறையில் காட்டினால், பெரும்பாலும் குனிந்து பார்த்த மாத்திரத்தில் பதில் வந்துவிடும்: “சேம்பர் பேக்கிங் போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்.” மாற்றியும் விடுவார்கள். அடுத்த மாதமே அதே இடத்தில் அதே கறை திரும்ப வரும்போதுதான் உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் மனத்தாங்கல் தொடங்கும். பேக்கிங் மட்டம் என்று ஒருவர் சொல்வார். வேலை மட்டம் என்று மற்றவர் சொல்வார். இரண்டுமே காரணமாக இல்லாமல் இருக்க வாய்ப்பு நிறைய உண்டு.

எஞ்சினின் அடிவயிற்றில் தொட்டி மாதிரி தொங்கும் பாகம்தான் ஆயில் சம்ப். சேம்பர் என்றும் ஆயில் பேன் என்றும் சொல்வார்கள். பழைய கார்களில் இது பெரும்பாலும் அச்சில் அழுத்தி வளைத்த இரும்புத் தகடு. எஞ்சினுக்கு ஊற்றும் ஆயில் எல்லாம் இங்கேதான் தங்கும். வண்டி ஓடும்போது ஆயில் பம்ப், ஒரு சல்லடை வழியாக அதை உறிஞ்சி, ஃபில்டருக்குள் செலுத்தி, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் அனுப்புகிறது. வேலை முடிந்த ஆயில் வழிந்து மறுபடி சம்ப்புக்கே வந்து சேரும். எஞ்சின் பிளாக்கும் இந்தத் தகட்டுத் தொட்டியும் சேரும் விளிம்பில், சுற்றிலும் ஒரு பட்டையாக உட்கார்ந்திருப்பதுதான் பேக்கிங். அதைப் பிடித்து நிறுத்துவது வரிசையாகச் சின்னச் சின்ன போல்ட்டுகள்.

ஒரு சொட்டுதானே என்று விடுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெய்ச் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. மில்லிலிட்டருக்குச் சுமார் 40 சொட்டு என்று வைத்துக்கொண்டாலும், நிமிடத்துக்கு ஒரு சொட்டு ஒழுகும் வண்டி ஒரு நாளில் 36 மில்லி இழக்கும். ஒரு மாதத்தில் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான சின்ன கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மாருதி 800 போன்ற வண்டியின் எஞ்சின் மொத்தமாகக் கொள்வதே மூன்று லிட்டருக்குள் அடங்கிவிடும்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் ஆபத்தானது. பழைய கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதே இல்லை. அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். அது எரிகிற நேரத்தில் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உரசத் தொடங்கியிருக்கும்.

கார்க் முதல் சிலிக்கோன் வரை

பழைய அம்பாசடரின் பேக்கிங் கார்க்கால் ஆனது. கார்க் ஒரு மரப்பட்டை. போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்திலிருந்து ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை பட்டையை உரித்து எடுக்கிறார்கள். உலகின் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில்தான் விளைகிறது. அமுக்கினால் அமுங்கும், விட்டால் ஓரளவு திரும்ப எழும் என்பதால், சற்றுக் கோணலான தகட்டு விளிம்பையும் அது சமாளித்தது. எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்வரை சரி. கடையின் தட்டில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தால் சுருங்கிவிடும். துளைகள் போல்ட்டுக்கு நேராக வராது. அப்படிச் சுருங்கிய பேக்கிங்கை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துடைத்துவிட்டுப் பொருத்துவது பழைய மெக்கானிக்குகளின் கைவழக்கம். அது நிஜமாகவே வேலை செய்யும்.

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி 1950-களின் இறுதியில் வந்தது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினுக்கு பிஎம்சி பி-சீரீஸ் என்று பெயர். அந்த எஞ்சினில் சம்ப் பேக்கிங் ஒரே வளையம் கிடையாது. பக்கவாட்டு விளிம்புகளுக்குப் பட்டைகள். முன்னும் பின்னும் மெயின் பேரிங் தொப்பிகள் வருமிடத்தில் தனித்தனிக் கார்க் துண்டுகள். இந்தத் துண்டுகளும் பட்டைகளும் சந்திக்கும் மூலைகள்தான் முதலில் கசியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இன்றைய ரப்பர் ஆயில் சீல் கிடையாது. சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும்படி ஷாஃப்ட்டிலேயே திருகு வரி வெட்டியிருப்பார்கள். வண்டி நிற்கும்போது அந்த வரி வேலை செய்யாது. எனவே பின்பக்கம் ஓரிரு சொட்டு விழுவது அந்த எஞ்சினின் பிறவிக்குணம். அம்பாசடர் வைத்திருப்பவர் சம்ப் பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்தச் சொட்டு முழுதாக நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடும் மெக்கானிக்கிடம் சண்டை வராது.

கார்க்குக்குப் பின் ரப்பர் கலந்த கார்க் வந்தது. பிறகு அச்சில் வார்த்த ரப்பர். பிறகு பேக்கிங்கே இல்லாமல், குழாயிலிருந்து பிதுக்கி விளிம்பில் கோடு இழுக்கும் சிலிக்கோன் பசை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இந்தப் பசைக்கு எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் அனபாண்ட் என்றே பெயர். சென்னை நிறுவனம் ஒன்றின் பெயர் அப்படிப் பொதுப்பெயராகிவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறை ஷெல்லாக் தடவியது.

எந்தப் பொருளானாலும் வயதாகும். எஞ்சின் சூடாகிச் சூடாகி ஆறும்போது ரப்பர் கல்லாக இறுகும், கார்க் நொறுங்கும். சாலைகளும் தம் பங்குக்கு உதவுகின்றன. கரும்பு டிராக்டர்கள் தோண்டிவிட்ட சாலைப் பள்ளம், வயலோர மண்பாதையில் துருத்தும் கல், ஊருக்கு ஊர் உயரம் மாறும் வேகத்தடை, இவற்றில் ஏதோ ஒன்றில் சம்ப் ஒரு நாள் இடித்திருக்கும். அடியில் விழுந்த நசுங்கல் விளிம்பையும் கொஞ்சம் இழுத்திருக்கும்.

முதலில் கழுவு, பிறகு தேடு

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எஞ்சினில் எங்கே கசிந்தாலும் கடைசியில் சம்ப்பின் பின்விளிம்பில் வந்துதான் சொட்டும். மேலே டாப்பட் கவர் பேக்கிங் கசிந்தாலும், ஆயில் ஃபில்டர் சரியாக இறுகாவிட்டாலும், ஆயில் பிரஷர் சுவிட்சின் அடியில் ஊறினாலும், டைமிங் பக்கம் கிராங்க் சீல் தேய்ந்திருந்தாலும் குற்றம் சம்ப் பேக்கிங்கின் தலையில் விழும்.

இதைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது அடிப்பக்கத்தையும் பக்கங்களையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். சந்தேகமான இடங்களில் கொஞ்சம் முகப்பவுடர் தூவலாம். பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பவுடர் முதலில் நனைந்த இடம்தான் ஊற்றுக்கண். அப்போதும் தெரியாவிட்டால் இரவு முழுக்க அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்து, காலையில் கறை எந்த பாகத்துக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

டிரெயின் நட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆயில் மாற்றும்போது அவிழ்க்கும் அந்த போல்ட்டின் அடியில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கேயே சொட்டும். சில ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலைக்காகச் சம்ப்பையே இறக்கிய கதைகள் பட்டறைக்குப் பட்டறை உண்டு.

கிளட்ச் ஹவுசிங்கும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடித்துளையிலிருந்து சொட்டினால், பெரும்பாலும் அது கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். வேலையும் செலவும் வேறு.

இன்னொரு சோதனை, எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது. புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கிராங்க் அறைக்குள் இறங்குகிறது என்று பொருள். அல்லது அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயும் வால்வும் கசடில் அடைத்திருக்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறினால், நேற்று போட்ட புதுப் பேக்கிங்கும் ஓரமாக ஆயிலைத் தள்ளும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினாலே சில வண்டிகளில் கசிவு பாதியாகக் குறைந்துவிடும்.

இறக்குவதும் ஏற்றுவதும்

சம்ப் பேக்கிங்தான் என்று உறுதியான பிறகு வேலையைத் தொடங்கலாம். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஆயிலை வடித்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். வண்டியைத் தூக்கி நிறுத்துவதில்தான் உயிராபத்து இருக்கிறது. ரேம்ப்போ குழியோ உள்ள பட்டறையானால் கவலை குறைவு. வீட்டு வாசலிலோ கொட்டகையிலோ செய்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டுகள் கெட்டியான தரையில் நிற்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவை எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் உடையும்.

சில வண்டிகளில் சைலன்ஸரின் முன்குழாயையும் கிளட்ச் ஹவுசிங்கின் அடித்தகட்டையும் கழற்றினால்தான் சம்ப் வெளியே வரும். வேறு சிலவற்றில் எஞ்சின் மவுண்ட்டை அவிழ்த்து எஞ்சினையே இரண்டு விரற்கடை தூக்க வேண்டியிருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரத்திலும் இன்னொன்றுக்கு ஒரு நாள் முழுக்கவும் வேலை இழுப்பது இதனால்தான். கூலி வித்தியாசமும் இங்கேதான் பிறக்கிறது. பேக்கிங்கின் விலை அதில் சிறு பங்கு.

போல்ட்டுகள் அத்தனையும் வந்த பிறகும் சம்ப் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் விளிம்பில் காயம் விழும். அந்தக் காயத்தின் வழியே புதுப் பேக்கிங்கும் கசியும். ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டி அசைத்து எடுப்பதே முறை.

இறக்கிய சம்ப்பின் அடியில் என்ன கிடக்கிறது என்று உரிமையாளர் கூட இருந்து பார்ப்பது நல்லது. பளபளக்கும் உலோகத் துகள்கள் இருந்தால் பேரிங் தேய்கிறது. ரப்பர்த் துணுக்குகளும் காய்ந்த சிலிக்கோன் புழுக்களும் இருந்தால், முன்பு யாரோ பசையை வாரி அப்பியிருக்கிறார்கள். விளிம்பில் உள்ளே பிதுங்கிய பசைதான் பிறகு அறுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டும். சல்லடை அடைத்தால் எஞ்சின் நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குக்கு ஆயில் ஏறாது. கசிவை நிறுத்தப் போட்ட பசையே எஞ்சினைப் பிடிக்க வைப்பது இப்படித்தான். சல்லடையைக் கழுவ இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இனி வருவது இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி. பல பட்டறைகளில் அவசரப்படுவதும் இதில்தான். பிளாக்கின் விளிம்பிலும் சம்ப்பின் விளிம்பிலும் பழைய பேக்கிங்கின் பொடி ஒட்டாமல் சுரண்டி, பெட்ரோலில் நனைத்த துணியால் ஆயில் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். பெட்ரோல் துணி கையில் இருக்கும்போது பக்கத்தில் பீடி, வெல்டிங் பொறி எதுவும் ஆகாது. பிறகு சம்ப்பைக் கவிழ்த்து, சமமான கண்ணாடியிலோ மட்டப்பலகையிலோ விளிம்பை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பு அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு அப்பத்தின் நடுப்பகுதி போல உப்பியிருக்கும். துளையில் பேக்கிங் நசுங்கும்; இரண்டு துளைகளுக்கு இடையே விளிம்பு தொடவே தொடாது. கட்டை ஒன்றின் மேல் விளிம்பை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டி நேராக்காமல் புதுப் பேக்கிங் போட்டால் பயன் இல்லை.

பேக்கிங் வாங்குவதில், மாருதிக்குப் பெரும்பாலும் புதுச்சேரியிலேயே கிடைத்துவிடும். அம்பாசடருக்கும் பழைய ஃபியட்டுக்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். சம்ப்பே ஓட்டையாகித் துரு தின்றிருந்தால் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள். எங்கே வாங்கினாலும் பழைய பேக்கிங்கைக் கையோடு எடுத்துப் போய்த் துளைக்குத் துளை வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம்.

அச்சு ரப்பர் பேக்கிங்குக்குப் பொதுவாகப் பசை தேவையில்லை. பசை தடவினால் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கும். கார்க் பேக்கிங்கைச் சம்ப் பக்கம் மட்டும் மெல்லத் தடவி ஒட்டிவைத்தால் ஏற்றும்போது நகராது. முன்பக்க, பின்பக்க சீல் ஹவுசிங்குகள் பிளாக்கோடு சேரும் மூலைகளில் மட்டும் மிளகளவு சிலிக்கோன் போதும். சிலிக்கோன் பசை காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். முழுதாக இறுகப் பெரும்பாலான வகைகளுக்கு ஒரு நாள் வேண்டும் என்று குழாயிலேயே அச்சிட்டிருப்பார்கள். காலையில் ஏற்றி, மதியம் ஆயில் ஊற்றி, சாயங்காலம் வண்டியை எடுத்துப் போக அவசரப்படுத்துபவர் பெரும்பாலும் வாடிக்கையாளர்தான்.

இறுக்கம் கடைசிச் சோதனை. சம்ப் போல்ட்டுகள் பல சின்ன கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டுகள். அவற்றுக்குத் தர வேண்டிய முறுக்கு விசை பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அது. இதற்கு மேல் முறுக்கினால் கார்க் பிளக்கும், விளிம்பு உப்பும், பிளாக்கில் மரை அறுந்துபோகும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாத பட்டறையில் சின்ன ஸ்பேனரை நடுவில் பிடித்து இறுக்கும் பழகிய கை அந்த வேலையைச் செய்யும். பைப் போட்டு முறுக்கும் கை கெடுக்கும்.

புது வாஷரோடு டிரெயின் நட்டு, புது ஃபில்டர், புது ஆயில். எஞ்சினை இயக்கி ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் கழித்து அடியில் டார்ச் அடித்து, நிறுத்தி ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் வேலை முடிந்தது.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

சம்ப்பிலிருந்து வடித்த மூன்று நான்கு லிட்டர் கறுப்பு ஆயிலுக்குக் கிராமத்தில் கிராக்கி உண்டு. கரையான் வராமலிருக்கக் கதவு நிலைக்குப் பூசுவார்கள். சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கத் தடவுவார்கள். மிச்சம் மண்ணிலும் வாய்க்காலிலும் போகும். பாகூர் வட்டாரம் புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது. ஏரிப் பாசனமும் போர்வெல்லும் நம்பிப் பயிர் வைக்கும் பூமி. எஞ்சினில் எரிந்த ஆயிலில் தேய்ந்த உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய எரிகசடுகளும் கலந்திருக்கின்றன. ஒரே ஒரு முறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

இந்தியச் சட்டமும் இதை அபாயக் கழிவு என்றே வகைப்படுத்துகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள்படி, பயன்படுத்திய ஆயில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பழைய ஆயிலைத் திரும்ப மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு வந்திருக்கிறது. ஒரு கேனில் பிடித்து மூடிவைத்து, பட்டறைகளில் பேரலாக வாங்கிச் செல்பவரிடம் சேர்த்துவிடுவது வீட்டில் வேலை செய்பவருக்கும் முடிகிற காரியம்.

பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. அவ்வளவு கட்டி வண்டியை வைத்திருப்பவர்கள், சம்ப் பேக்கிங் மாற்றக் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: கழுவிப் பார்த்தீர்களா, பிரீதரைப் பார்த்தீர்களா, விளிம்பு நேராக இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் வந்தால், பசை இறுக ஒரு நாள் வண்டியை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். அதன் பிறகு ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு நாள் காலையில் எஞ்சினை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.